பலாப் பலகையும் ஒரு தவணைப் புத்தகமும்



தங்கச்சியின் கட்டில் போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு லொறியில் ஏறிப் போனது. கல்யாணம் முடிந்து ஒன்பது மாதம். இந்த ஒன்பது மாதமும் ஊரில் பலர் கேட்டார்கள், சிலர் கேட்காமல் சிரித்தார்கள்: "மரம் இன்னும் காயல்லயா?" காய்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். கதையை முழுக்க எழுதிப் போடச் சொல்லி உம்மாதான் சொன்னார். எழுதத் தொடங்கினால் கட்டிலோடு மட்டும் நிற்காது என்று உம்மாவுக்கும் தெரியும். மதினிக்கு வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே இங்கே போடுகிறோம்.

நாங்கள் என்றால் பிள்ளைகள் நாலு பேர். நானா, இதை எழுதுகிற நடுப்பிள்ளை, தம்பி, கடைசியில் தங்கச்சி. வாப்பா மௌத்தாகிப் பல வருஷம். கெலிஓயாப் பக்கம் மேட்டு வளவு. வளவின் ஓரத்தில் மூத்தாப்பா நட்ட பலாமரம் ஒன்று நின்றது. இரண்டு பேர் கை கோத்தால்தான் கட்டிப்பிடிக்கலாம். அடி எங்கள் பக்கம், பாதிக் கிளை அடுத்த வீட்டுப் பக்கம். அவர்கள் சிங்களக் குடும்பம். காய் யாருடையது என்று ஒருநாளும் கணக்குப் பார்த்ததில்லை. பிஞ்சு பொலொஸ் அங்கே போகும், பழுத்தது இங்கே வரும், கொட்டை இரண்டு வீட்டு அடுப்பிலும் வேகும். 2022இல் காஸ் சிலிண்டரும் இல்லை, அரிசி விலையும் உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஒரு நேரச் சாப்பாட்டை அந்த மரம் பார்த்துக்கொண்டது. சிங்களவர்கள் பலாவை 'பத் கஹ' என்பார்கள், சோற்று மரம். பாணந்துறை ஆதர் வி. தியஸ் நாடு முழுக்கப் பலாக்கன்று நடச் சொல்லி இயக்கம் நடத்தி, கடைசியில் 'கொஸ் மாமா' என்றே பெயர் வாங்கினார். அவர் ஏன் அப்படி ஓடித் திரிந்தார் என்பது எங்களுக்கு அந்த வருஷம்தான் விளங்கியது.

அப்படிப்பட்ட மரத்தை வெட்ட யாருக்கு மனம் வரும்? ஆனால் அந்த வருஷக் கடைசி மழையில் கவட்டில் வெடிப்பு விழுந்தது. பெரிய கிளை நேரே அடுத்த வீட்டுக் கூரைக்கு மேல். அந்த வீட்டு நோனா மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் மரத்தைப் பற்றிப் பேசாமல் உம்மாவின் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். நாலாவது தடவை அவர் வாய் திறப்பதற்கு முன் உம்மாவே சொன்னார், வெட்டுவோம் என்று.

பலாமரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பம், கிராம சேவகரின் அறிக்கை, மரத்தை நேரில் பார்த்தல் எல்லாம் உண்டு. வெட்டியதை ரோட்டில் ஏற்றுவதற்கு வேறு அனுமதி. எங்களுக்கு எல்லாமாக மூன்று மாதம் போனது. யாரும் மரம் வெட்ட நினைத்தால் லொறிக்குச் சொல்வதற்கு முன் இந்த வேலையைப் பாருங்கள்.

2023 பெப்ரவரியில் வெட்டினோம். மில்லில் முதல் பலகை விழுந்தபோது நாங்கள் எல்லோரும் கிட்டப் போய்ப் பார்த்தோம். அப்படி ஒரு மஞ்சள். சஹன் சோற்று மஞ்சள். மரத்தூள் பட்ட தம்பியின் வெள்ளை சேர்ட் எத்தனை தடவை கழுவியும் வெள்ளைக்குத் திரும்பவில்லை. காட்டு மடங்களில் இருக்கும் பிக்குமார் பலா வைரத்தைச் சீவி அவித்து அந்தச் சாயத்தில்தான் காவி தோய்ப்பார்கள். மோரின் என்ற பொருள்தான் அந்த மஞ்சள். ஆனால் அது அப்படியே நிற்காது. வெளிச்சம் படப்பட மஞ்சள் தேன் நிறமாகி, பிறகு கபிலமாகி, முப்பது நாற்பது வருஷத்தில் கருஞ்சிவப்புக்கே போய்விடும். உம்மாவின் கல்யாண அலுமாரியைப் பார்த்த பிள்ளைகள் அது பலா என்று சொன்னால் நம்புவதில்லை.

கனடாவில் இருக்கும் சாச்சாவின் மகன் எங்கள் பலகையின் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே செரி மரமும் இதே குணம்தான் என்று சொன்னான். அறுத்த புதிதில் வெளிறிய ரோஸ் நிறம், வெயில் பட்டால் சில மாதங்களிலேயே செம்மை ஏறும். மரத்தின் மேல் ஒரு சாமானை அசையாமல் வைத்தால் அதன் நிழல் வெளிறிப்போய் அப்படியே பதிந்துவிடும் என்றான். விஷயம் தெரிந்தவர்கள் அதற்குச் சாயம் பூசுவதில்லை, பொறுத்திருப்பார்களாம்.

எங்களுக்குப் பொறுத்திருக்கச் சொல்லித் தந்தது எம்பெக்கே பக்கத்து ஓடாவி ஒருவர். எழுபது தாண்டியவர். நாங்கள் 'பாஸ் உன்னெஹே' என்று கூப்பிடுவோம். வந்தவுடன் பலகைகளை இரண்டாகப் பிரித்தார். வைரம் ஒரு பக்கம், ஓரத்து வெள்ளை ஒரு பக்கம். வெள்ளையில் பூச்சி விழும், அது அடுப்புக்கு. வைரப் பலகைகளை நிலத்தில் கல் வைத்து உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரே தடிப்பான சட்டங்கள் கொடுத்து, கொட்டிலுக்குள் அடுக்கினார். வெட்டுமுனைகளில் மிச்சப் பெயின்டைப் பூசினார். ஈரம் முனை வழியாக வேகமாகப் போனால் மரம் அங்கிருந்து வெடிக்கும். மற்றப்படி மழை படக்கூடாது, வெயில் படக்கூடாது, காற்று மட்டும் போய் வர வேண்டும்.

"எத்தனை நாள்?" என்று கேட்டோம்.

"அங்குலத்துக்கு ஒரு வருஷம், சேர். லீயத் ஹுஸ்ம கன்னவா." மரமும் மூச்சு விடுகிறது என்றார்.

அலுமாரிக்கு ஓர் அங்குலப் பலகை. அதற்கு ஒரு வருஷம். கட்டில் கால்களுக்கு மூன்று அங்குலத் துண்டுகள். அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பழைய விறகடுப்புக்கு மேல் இருந்த பரணில், புகை படுகிற இடத்தில், தானே ஏறி வைத்தார். "இரண்டு வருஷம் போகட்டும். பிறகு பேசுவோம்."

அப்போது தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கவும் இல்லை. அவசரம் ஒன்றும் இருக்கவில்லை.

இனி மதினியின் கதைக்கு வர வேண்டும்.

நானா 2013இல் முடித்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இப்படித்தான் எல்லோரிடமும் சொன்னோம், இன்றுவரை அப்படித்தான் நினைத்தும் இருந்தோம். பேச்சுவார்த்தையில் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொன்னது ஒரு வசனம்தான்: "எங்களுக்கு ஒண்டும் வேணாம், உங்கட புள்ளைக்கு நீங்க செய்றத செய்ங்க." இந்த வசனத்தை நம் ஊர்களில் கேட்காத பெண் வீடு இல்லை. கேட்கவில்லை என்று அல்லாஹ்விடம் சொல்லவும் முடியும், பெண்ணின் வாப்பாவுக்குத் தூக்கம் போகவும் செய்யும். அப்படி ஒரு வசனம் அது.

மதினியின் வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டியவர். ஒரு ரூம் செட் வந்தது. கட்டில், மூன்று கதவு அலுமாரி, கண்ணாடி மேசை. எல்லாம் போர்ட். மேலே பளபளவென்று கிறீம் நிற மெலமைன். அன்றைக்குப் பார்க்க நல்ல அழகு, படமெல்லாம் எடுத்தோம்.

போர்ட் என்பது மரத்தூளையும் நாரையும் பசை போட்டு அழுத்திச் செய்வது. ஓரம் மூடியிருக்கும் வரை பிழையில்லை. ஓரத்துப் பட்டி கழன்று ஈரம் உள்ளே போய்விட்டால் பாண் ஊறுவது போல் ஊறும், திரும்ப வற்றாது. எங்கள் ஊர் மழையும் எங்கள் வீட்டு ஈரச் சுவரும் சேர்ந்து இரண்டு வருஷத்தில் அலுமாரியின் அடியை ஊத வைத்துவிட்டன. நடுக் கதவு மூடாது. பிணைச்சலின் ஆணி கழன்றால் திரும்பப் பிடிக்காது, பிடிக்க அங்கே மரம் இல்லை. கதவுக்கு நடுவில் ஒரு பேப்பர் மடித்துச் செருகி வைத்தோம். யாரும் வந்தால் பகிடி விட்டோம். "மாமா தந்த அலுமாரி, திறக்க ரெண்டு பேர் வேணும்." மதினியும் சிரிப்பார். நாங்கள் பார்த்த வரையில் சிரித்தார்.

2023 நோன்பு முடிந்து கொஞ்ச நாளில் அவருடைய வாப்பா மௌத்தானார். நாற்பது நாள் கழித்து மதினி தாய் வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்தார். அதில் வாப்பாவின் அடையாள அட்டை, கண்ணாடி, தஸ்பீஹ், ஒரு தவணைப் புத்தகம். 36 மாதம். முதல் முத்திரை கல்யாணத்துக்கு முந்தின மாதம். சில மாதங்கள் தாமதம், அந்தப் பக்கங்களில் தண்டக் காசு வேறு எழுதியிருந்தது. நானாவின் மூத்த மகன் பிறந்த மாதம் கட்டவில்லை, அடுத்த மாதம் இரண்டாகக் கட்டியிருந்தார். பிள்ளைக்கு அவர் அன்றைக்குத் தங்க மோதிரம் போட்டது எங்களுக்கு ஞாபகம் வந்தது. கடைசி முத்திரை 2016இல். அலுமாரியின் அடி ஊதி, கதவில் பேப்பர் செருகி, நாங்கள் பகிடி விட்டு அப்போதே ஒரு வருஷம். மூடாத கதவுக்கு மனிதர் இன்னும் காசு கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் அன்றிரவு எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. யாரும் கையில் எடுக்கவில்லை. நானா எழுந்து போய் ஹவ்லடியில் நெடுநேரம் வுழூ செய்துகொண்டிருந்தார்.

மஹர் கொடுக்கக் கடமைப்பட்டவன் ஆண். சூரா அந்நிஸாவின் 4ஆம் வசனம் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். நானா கொடுத்த மஹர், பதிவுப் புத்தகத்தில் எழுதி இரண்டு பவுண். அதற்கு எதிரே 36 முத்திரை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் 'கைக்கூலி' என்ற சொல்லே இருக்கிறது. பெண்ணின் உபயோகத்துக்கென்று பெண் வீட்டார் மாப்பிள்ளையிடம் கொடுக்கும் காசும் அசையும் பொருளும் அதற்குள் வரும், பிணக்கு வந்தால் காதி நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் தவணைப் புத்தகத்தை டின்னுக்குள் வைத்துப் பூட்டுகிற ஆள் எந்தக் காதியிடம் போவார்? பலாமரத்தை வெட்ட மூன்று மாதம் அலைந்தோமே, அந்தச் சட்டமும் அதே 1951தான்.

தங்கச்சிக்கு 2024 நடுப்பகுதியில் சரிவந்தது. நல்ல பிள்ளை, கம்பளையில் வேலை. பேச வந்தவர்கள் தேநீர் குடித்துவிட்டு அந்த வசனத்தைச் சொன்னார்கள். எழுத்துக்கு எழுத்து அதே வசனம். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணம் செப்டெம்பரில் வேண்டுமாம்.

தவணைக்கு எடுக்கலாம் என்று தம்பி சொன்னான். இரண்டு நாள் வாக்குவாதம். ஊர் என்ன சொல்லும், அவள் போன வீட்டில் தலை நிமிர வேண்டாமா என்று அவன் கேட்டதில் பிழை சொல்ல முடியாது. கடைசியில் உம்மா முடித்துவைத்தார். வீட்டு மரம் இருக்கிறது, அதில் ஆனது போகட்டும், ஆகாதது ஆனபிறகு போகட்டும். அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அப்படியே சொன்னோம். மாப்பிள்ளையின் உம்மா "அதெல்லாம் என்னத்துக்கு" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது.

பாஸ் உன்னெஹே ஜூலையில் வேலையைத் தொடங்கினார். பரணிலிருந்த கால்களைப் பார்த்துவிட்டு, "இக்மன் வென்ன எபா" என்று கையை விரித்தார். அவசரப்பட வேண்டாம். ஆக, அலுமாரி மட்டும்.

அலுமாரி, மேசை, கதிரை மூன்றுமே போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். கட்டில்தான் நம்முடையது. நம்முடையதுதான் பிந்தியது.

அந்த ஓகஸ்ட் விடுமுறை முழுக்கக் கொட்டிலில் கழிந்தது. மரவேலையைப் பற்றி அதுவரை எங்களுக்குத் தெரிந்தது ஆணி மட்டும். அவர் ஆணியே எடுக்கவில்லை. சட்டத்தின் முனையை நாக்குப் போலச் சீவி, மற்றதில் அதே அளவுக்குத் துளை போட்டு இறக்குவார். லாச்சிக்குப் புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள். முன்னால் இழுத்தாலும் கழலாது. கதவின் நடுப் பலகையை ஒட்டவே இல்லை. சட்டத்தில் தவாளிப்பு எடுத்து அதற்குள் சும்மா நிறுத்தினார். நாங்கள் பசைப் போத்தலை நீட்டியபோது தட்டிவிட்டார். மரம் நீளத்தில் அசையாது, அகலத்தில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அசைய இடம் விட்டால் நூறு வருஷம் நிற்கும், ஒட்டி இறுக்கினால் முதல் மாரியிலேயே வெடிக்கும். இதைச் சொல்லிவிட்டு, எம்பெக்கேக்குப் போய்க் கூரையைப் பாருங்கள் என்றார்.

எம்பெக்கே தேவாலயத்துக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போய் எத்தனை தடவை போயிருப்போம். 14ஆம் நூற்றாண்டு, கம்பளை அரசு, மூன்றாம் விக்கிரமபாகு என்று எழுதிக்கொள்ளச் சொல்லுவோம். தூண்களில் அன்னம், மல்லர்கள், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய் எல்லாவற்றையும் காட்டுவோம். மேலே பார்த்ததே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தவுலகல வழியாகப் போய், கழுத்து வலிக்க நின்று பார்த்தோம். கூரையின் ஒரு பக்க மூலையில் 26 கைமரங்கள் வந்து ஒரு இடத்தில் கூடுகின்றன. அத்தனையையும் பிடித்து வைத்திருப்பது ஒரே ஒரு மர ஆப்பு. 'மடொல் குருப்பாவ' என்பார்கள். தலைமைச் சிற்பி தெல்மட மூலாச்சாரி என்பது வழிவழியாக வரும் பேச்சு. அந்த 'ஆச்சாரி' நமக்குத் தெரிந்த ஆசாரிதானே.

பலகை வேலையைவிட எங்களைப் பாடுபடுத்தியது பொலிஷ். முதலில் சாண்ட் பேப்பர். 80இல் தொடங்கி 120, 180, 240 என்று நரம்பு ஓடும் திசையிலேயே. நடுவில் ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால் படுத்திருந்த நார்கள் எழுந்து நிற்கும், அவற்றையும் தேய்க்க வேண்டும். பிறகு அரக்கு. செதில் செதிலாக வரும் அரக்கை ஸ்பிரிட்டில் ஒரு இரவு ஊறவைத்தால் தேயிலைச் சாயம் மாதிரிக் கரையும். பஞ்சைப் பழைய சாரன் துண்டில் சுற்றி, அதில் நனைத்து, எட்டு எழுதுவது போலக் கையை ஓட்ட வேண்டும். நிறுத்தினால் அந்த இடம் ஒட்டிக்கொள்ளும். ஒரு பூச்சு ஒன்றுமே தெரியாது. ஐந்தாறு தடவை போனபிறகுதான் மரத்துக்குள்ளிருந்து வெளிச்சம் வருவது மாதிரி வரும்.

ஸ்பிரிட் என்றதும் எங்கள் பெரியம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குர்ஆன் வைக்கப்போகிற தட்டில் சாராயச் சாமான் பூசலாமா? பள்ளி மௌலவியிடம் கேட்டுவர ஆள் அனுப்பினார். ஹஸ்ரத் சிரித்துவிட்டு, "அலுமாரிய குடிக்கப் போறாங்களா?" என்று கேட்டாராம். ஸ்பிரிட் காற்றில் போய்விடும், அரக்குத்தான் மிஞ்சும் என்று விளக்கி அனுப்பினார். பெரியம்மா ஆனாலும் முதல் நாள் அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் போனார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நாங்கள் ஒரு வேலை பார்த்தோம். பாஸ் உன்னெஹே வராத நாள். மழை. கடைசிப் பூச்சுத்தானே என்று மஃரிபுக்குப் பிறகு லைட்டைப் போட்டுக்கொண்டு பூசினோம். காலையில் பார்த்தால் இரண்டு கதவும் பால் ஊற்றியது மாதிரி வெள்ளை பூத்திருக்கிறது. காற்றின் ஈரத்தை அரக்குப் பிடித்துக்கொண்டுவிட்டது. தங்கச்சி ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாஸ் உன்னெஹே வந்து பார்த்தார், திட்டவில்லை. வெயில் ஏறும் வரை தேநீர் குடித்தார். பிறகு வெறும் ஸ்பிரிட்டை ஒரு துணியில் தொட்டுத் தொட்டு, ஒரு மணித்தியாலத்தில் வெள்ளையை எடுத்துவிட்டார். அந்த வழி பிழைத்தாலும் திருத்தலாம், மெலமைனுக்கு அது கிடையாது என்று எங்களுக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை, மதினி அங்கே நின்றார்.

பிலிமத்தலாவையில் வாங்கிய பித்தளைக் கைப்பிடிகளைப் பூட்டி அலுமாரியை ஏற்றினோம். கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அறை பார்க்க வந்தார்கள். வாடகை வீட்டு மேல்மாடி. ஒரு பக்கம் எலுமிச்சம்பழ நிறத்தில் பளிச்சென்று ஒரு அலுமாரி. மறுபக்கம் நிலத்தில் புது மெத்தை.

"கட்டில் எங்க?"

"மரம் இன்னும் காயல்ல" என்றார் உம்மா. அந்தப் பதில்தான் ஊரெல்லாம் சுற்றியது.

ஒரு மாமி அலுமாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மஹோகனி கலர் அடித்திருக்கலாமே, இது என்ன மஞ்சக் காமாலை மாதிரி என்றார். நாங்கள் பாஸ் உன்னெஹேயிடம் அதை ஏற்கனவே கேட்டிருந்தோம். வெயிலைக் குடித்துத் தானே நிறம் எடுக்கும், சாயம் பூசினால் அதன் முகத்தை மூடினது மாதிரி என்று மறுத்துவிட்டார். மாமியிடம் அதையெல்லாம் விளங்கப்படுத்த அது நேரமில்லை. தங்கச்சி கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவளிடம் நாங்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டோம். "அல்லாஹ்வுக்காக வுடுங்க" என்றாள். கோபமா இல்லையா என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை. சம்பந்தி மாமி நாலு மாதம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. இதையும் சொல்லாமல் விட்டால் பொய்யாகும்.

மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகக் கொட்டிலுக்கு வந்து, கால்கள் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். பாஸ் உன்னெஹே ஒன்றை எடுத்து விரல் மொழியால் தட்டிக் காட்டினார். ஈர மரம் 'தொப்' என்னும். இது 'டங்' என்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். 180ஆம் நம்பர் பேப்பர் அவருடைய பொறுப்பு. தொழில் தெரியாத கை, முதல் மாதம் நரம்புக்குக் குறுக்கே தேய்த்து இரட்டிப்பு வேலை வைத்தார். இருந்தாலும் தன் கட்டிலைத் தானே தேய்த்த மாப்பிள்ளை நம் பக்கத்தில் வேறு யாரும் இருந்தால் சொல்லுங்கள்.

வாடகை வீடு மாறுகிறவர்களுக்குக் கழற்றிப் பூட்டுகிற கட்டில்தான் வேண்டும். அதற்கும் பாஸ் உன்னெஹே ஆணியோ போல்ட்டோ போடவில்லை. பக்கச் சட்டத்தின் நாக்கு, காலைத் துளைத்து மறுபக்கம் வெளியே வரும். அதில் ஒரு சிறு துளை, துளையில் ஒரு ஆப்பு. கொட்டாப்புளியால் ஒரு தட்டுத் தட்டினால் இறுகும், கீழிருந்து தட்டினால் கழலும். நாலு மூலைக்கும் நாலு ஆப்பு. எம்பெக்கேக் கூரையை அண்ணாந்து பார்த்ததெல்லாம் இங்கே வந்து நின்றது. போன வெள்ளிக்கிழமை மேல்மாடியில் அதைப் பூட்ட எங்களுக்குப் பதினைந்து நிமிஷம் போனது. அலுமாரியின் ஜன்னல் பக்கம் அதற்குள் தேன் நிறம் எடுத்திருந்தது. திரை மறைத்த பக்கம் இன்னும் மஞ்சள்தான்.

கட்டில் வேலை நடக்கும்போதே நாங்கள் மதினிக்கும் ஒரு அலுமாரி செய்ய மரம் ஒதுக்கி வைத்திருந்தோம். மூன்று கதவு, உயரமும் அகலமும் அதே அளவு. அளவெடுக்க பாஸ் உன்னெஹே அறைக்குள் போனபோதுதான் மதினிக்கு விஷயம் தெரிந்தது.

"எனக்கு வேணாம்" என்றார்.

நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மதினி ஊதிப்போன அந்த அலுமாரியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "இது எங்கட வாப்பா கட்டி முடிச்சது. இத வீச வேணாம்" என்றார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் எங்களிடம் குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான். உயர்த்தினார் என்றும் சொல்ல முடியாது.

கடைசியில் பாஸ் உன்னெஹே ஒரு வழி கண்டார். ஊறிப்போன அடியை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, ஆறு அங்குல உயரத்துக்குப் பலாவில் ஒரு பீடம் செய்தார். பிணைச்சல் பிடிக்கிற இடங்களில் உள்ளே பலாச் சட்டம் கொடுத்தார். நடுக் கதவு மூடுகிறது. அதில் செருகியிருந்த பேப்பர் மடிப்பை நானா எடுத்துத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார். மேலே கிறீம் மெலமைன், கீழே மஞ்சள் மரம். பார்க்க அழகு என்று சொல்லமாட்டோம்.

ஆக அந்த அலுமாரிக்கு ஒதுக்கியதில் கொஞ்சம் செலவாகி, மூன்று பலகை மிச்சம் இருக்கிறது. ஏழடி நீளம், ஓர் அங்குலம், இரண்டு வருஷத்துக்கு மேல் காய்ந்தது. பள்ளியின் சந்தூக்கின் அடிப்பலகை இற்றுப்போயிருப்பதாகக் கேள்விப்பட்டு நம்பிக்கையாளர் சபையிடம் சொல்லியிருக்கிறோம், அவர்களுக்கு ஒன்று போதுமாம். மற்ற இரண்டும் யாருக்காவது தேவையென்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். விலையில்லை. தூக்க இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பாரம்.